ஏற்காட்டில் தண்ணீர் 95-லேயே கொதிக்கிறது, சிமுலேஷன் 100 என்கிறது. பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

மலைமேல்_வகுப்பு:
வணக்கம். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் சாயங்காலத்தில் ஆறு முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பழைய டேப்லெட் ஒன்றில் ஒரு கொதிநிலை சிமுலேஷன் வைத்திருக்கிறேன். அடுப்பு, பாத்திரம், தெர்மாமீட்டர் இருக்கும், தீ ஸ்லைடரை விரலால் தள்ளினால் வெப்பநிலை ஏறி 100-ல் நின்று குமிழ் கிளம்பும், அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் 100-தான். ரொம்ப ரசித்தார்கள். அதோடு விடாமல் நிஜ ஸ்டவ்வில் தண்ணீர் வைத்து லேப் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் சிவப்புக் கோடு 95-ஐத் தாண்டவே இல்லை. "டேப் பொய் சொல்லுது மிஸ்" என்கிறாள் ஏழாவது படிக்கும் ஒருத்தி. பையன்களோ தெர்மாமீட்டர் டூப்ளிகேட் என்கிறார்கள்.

மலை உயரம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். வாயால் சொன்னால் "சரி மிஸ்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களே பிடிக்கும்படி செய்ய வேண்டும். இந்த சிமுலேஷனில் காற்றழுத்தத்தை மாற்ற வழியே இல்லை. வேறு ஏதாவது இருக்கிறதா? இங்கே நெட் சரியாக எடுக்காது, மழை பெய்தால் கரண்டும் சந்தேகம்.

அடிவாரத்தான்:
முதலில் பையன்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது மேடம். சிவப்புத் திரவ தெர்மாமீட்டர் ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே காட்டுவது சகஜம். ஐஸைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் மேலே பேசலாம். கொதிக்கும்போது தெர்மாமீட்டரின் குமிழ் முனை பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரை யாராவது ஆர்வக்கோளாறில் உள்ளே விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது 42-க்கு மேல் போகாது, உடைந்துவிடும்.

லேப்_அண்ணன்_சேலம்:
95 என்பது கச்சிதமான அளவு, தெர்மாமீட்டர் மேல் தப்பில்லை. தோராயமாக 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். சேலம் டவுன் கடல் மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் இருக்கும், இங்கேயே 99-தான். உங்கள் ஊரை 1,400, 1,500 மீட்டர் என்று வைத்தால் 95-க்கும் 95.5-க்கும் நடுவே வர வேண்டும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல், உங்களிடம் 850 பக்கம், மேலிருந்து அழுத்தும் காற்று குறைவதால்தான் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது.

டேப் பொய் சொல்லவில்லை, எந்த ஊர் என்று அது கேட்கவே இல்லை, அவ்வளவுதான். செய்தவர் தீக்கு ஒரு ஸ்லைடர் வைத்தார், காற்றுக்கு வைக்கவில்லை. அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்: "இதில் இன்னொரு ஸ்லைடர் வைக்கலாம் என்றால் எதற்கு வைப்பாய்?" தண்ணீரின் அளவு என்பார்கள், பாத்திரத்தின் சைஸ் என்பார்கள், உப்பு என்பார்கள். ஒவ்வொன்றையும் ஸ்டவ்வில் செய்து பார்க்கட்டும். அளவை மாற்றினால் நேரம்தான் மாறும், டிகிரி மாறாது. உப்பு போட்டால் கொதிநிலை ஏறும், இறங்காது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால்தான் காற்று ஞாபகம் வரும்.

அப்போது சிரிஞ்சை எடுங்கள். மருந்துக் கடையில் 20 மில்லி, ஊசி வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீரை 70 டிகிரிக்கு ஆறவிட்டு, கால் பங்கு உறிஞ்சி, உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியே தள்ளிவிட்டு, முனையை ரப்பர் மூடியால் அடைத்து, பிஸ்டனை வெடுக்கென்று பின்னால் இழுங்கள். உள்ளே அழுத்தம் குறைவதால் அடுப்பே இல்லாமல் 70 டிகிரித் தண்ணீர் குமிழ் குமிழாகக் கொதிக்கும். விட்டால் அடங்கிவிடும். இழுப்பது நீங்களாக இருங்கள், சுடு தண்ணீர், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

ஒரு_அப்பா:
எல்லாம் சரி, பரீட்சையில் 95 என்று எழுதி வைத்தால் மார்க் யார் தருவார்கள்?

லேப்_அண்ணன்_சேலம்:
"கடல் மட்டக் காற்றழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸ்" என்று முழுசாக எழுதினால் யாரும் மார்க்கைக் குறைக்க முடியாதுங்க. நம் பிள்ளைகள் முதல் பாதியை விட்டுவிட்டு வெறும் எண்ணை மனப்பாடம் செய்வதுதான் வழக்கமாக நடப்பது.

கணினி_தங்கச்சி:
அக்கா, சிமுலேஷன் வேண்டும் என்றால் ஃபெட் (PhET) என்ற தளத்தைப் பாருங்கள். நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இலவசம். 'பருப்பொருளின் நிலைகள்' என்ற சிமுலேஷனில் இரண்டாவது திரை நிலை மாற்றம். அதில் மூடியை விரல் வைத்து அழுத்தலாம், பம்ப் அடிக்கலாம், அழுத்தமானியும் உண்டு. ஆனால் உங்கள் 95-ஐ அது காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், சில மூலக்கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு போக்கைக் காட்டுவதுதான் அதன் வேலை. எண்ணுக்கு ஸ்டவ், காரணத்துக்கு ஃபெட் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நெட் தேவையில்லை. ஒவ்வொரு சிமுலேஷனும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பு, சேலம் வரும்போது டவுன்லோட் செய்து பென் டிரைவில் போட்டுப் போனால் பிரவுசரிலேயே திறக்கும். தமிழில் பெயர்த்தவை மொழிபெயர்ப்புப் பட்டியலில் தனியாக இருக்கும். விண்டோஸ் 7 லேப்டாப்பில் வெள்ளைத் திரை வந்தால் பிரவுசர்தான் பழசு. அதற்கு க்ரோம் 109-தான் கடைசி.

மலைமேல்_வகுப்பு:
ஐஸில் பூஜ்யம் காட்டியது. சிரிஞ்சை இழுத்ததும் ஒரே கூச்சல், "இன்னொரு தடவை மிஸ்" என்று விடவே இல்லை. உப்பும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. இப்போது புதுக் கேள்வி கிளம்பியிருக்கிறது: மலையில் காற்று குறைவு என்று எப்படி நம்புவது, கண்ணுக்குத் தெரியவில்லையே? கடையில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பதைக் காட்டினேன், அது காற்று அடைத்த பாக்கெட்தானே என்கிறான் ஒருவன். இன்னொருவன் போனில் வானிலை ஆப்பைத் திறந்து, இங்கேயும் காற்றழுத்தம் 1012 என்றுதான் போட்டிருக்கிறது என்று வாயை அடைத்துவிட்டான்.

லேப்_அண்ணன்_சேலம்:
ஆப்பில் வருவது கடல் மட்டத்துக்குத் திருத்திப் போட்ட கணக்கு. ஊருக்கு ஊர் வானிலையை ஒப்பிட அது தேவை, உங்கள் பாடத்துக்கு உதவாது. போனில் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் சென்சார் இருந்தால் அதை நேராகப் படிக்கலாம்.

கணினி_தங்கச்சி:
அதற்கு ஃபைபாக்ஸ் (phyphox) என்ற ஆப் இருக்கிறது அக்கா, ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழகத்தார் செய்தது, இலவசம், நெட்டும் வேண்டாம். அழுத்தம் என்ற சோதனையைத் திறந்து ஓடவிட்டால் கோடு வரைந்துகொண்டே போகும். எல்லாப் போனிலும் சென்சார் கிடையாது, இல்லையென்றால் ஆப்பே சொல்லிவிடும். யாரிடம் இருக்கிறது என்று பெற்றோரிடம் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேலம் பஸ்ஸில் இறங்கி வரும்போது போடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் போர்டில் எண் இருக்கிறது, ஒரு பிள்ளை எண்ணைச் சத்தமாகச் சொல்ல, இன்னொன்று அழுத்தத்தை நோட்டில் குறிக்கட்டும். 850 பக்கம் தொடங்கி டவுனுக்குள் வரும்போது 980 ஆகியிருக்கும். போன் சென்சார் இரண்டு மூன்று தள்ளிக் காட்டலாம், வித்தியாசத்தைத்தான் நம்ப வேண்டும். காதடைக்கிற இடத்தையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடிவாரத்தான்:
புறப்படும் முன் மேலேயே ஒரு காலி வாட்டர் பாட்டிலை இறுக மூடி எடுத்து வாருங்கள். அடிவாரம் செக்போஸ்ட் வருவதற்குள் நசுங்கியிருக்கும். காற்று அடைத்த பாக்கெட் என்று சொன்ன பையன் கையிலேயே கொடுத்துவிடுங்கள், மூடியும் அவனே போடட்டும். தெர்மாமீட்டரை மறக்காதீர்கள், கீழே எங்கள் வீட்டு அடுப்பில் தண்ணீர் வைத்துத் தருகிறேன்.