பாங்காக் மால்களில் பார்த்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி: உங்கள் அனுபவம் என்ன?

ராச்சதேவி வாசி

2010 மே மாதம் இங்கே இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அரசை எதிர்த்துப் போராடிய சிவப்புச் சட்டைக்காரர்களின் முற்றுகையை ராணுவம் கலைத்த மே 19 அன்றே சென்ட்ரல் வேர்ல்டு மால் எரிந்தது. தீ வைத்தது யார் என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த நாட்களைப் பற்றி. சாலையைத் திறந்துவிட்டார்கள். சித்லோம் வான்ரயில் நிலையத்தில் இறங்கி, ஸ்கைவாக் என்கிற நடைமேம்பாலத்தில் நடந்தேன். மாலின் ஸென் கடை இருந்த பக்கம் மாடிகள் சரிந்து கிடந்தன. ஈரச் சாம்பல் நாற்றம். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி விரலை நீட்டி மாடிகளைக் கீழிருந்து எண்ணினாள். எண்ணிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே மாடி இல்லை, வானம்தான் இருந்தது. "என் செருப்பு அங்கேதான் இருக்கு" என்றாள். கவுன்டரில் நிற்கும் பெண்கள் வீட்டுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ள வைத்திருப்பார்களே, அந்தச் செருப்பு. சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

செப்டம்பரிலேயே பெரும்பகுதி திறந்துவிட்டது. ஸென் பக்கம் மட்டும் 2012 ஜனவரி ஆயிற்று. அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா, தெரியாது. உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும். எழுதுங்கள்.

திருப்பூர் கொள்முதல்

பிராதுநாம், பிளாட்டினம் மால். எனக்கு ஊரில் சின்னக் கடை, பெண்கள் உடுப்பு. சரக்கு எடுக்க அங்கே போவேன்.

காலையில் ஷட்டர் தூக்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு கடையில் கால்குலேட்டர் பேரம். அந்தம்மா ஒரு எண்ணைத் தட்டும், நான் அதை அழித்துவிட்டு வேறொன்று தட்டுவேன். பேச்சே கிடையாது. நான் கொஞ்சம் அநியாயமாகவே குறைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டியது. காசை வாங்கியதும், அந்த நோட்டுகளாலேயே தொங்கிக்கொண்டிருந்த கவுன், சட்டை, பை ஒன்று விடாமல் தட்டிக்கொண்டே கடையைச் சுற்றி வந்தது.

அட, போணி! எங்கள் கடையில் அப்பா முதல் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவார். இங்கே எஸ்கலேட்டர், ஏசி, கண்ணாடிக் கதவு எல்லாம் வைத்த கட்டடத்துக்குள் அதே கணக்கு ஓடுகிறது. முதல் ஆள் வெறுங்கையோடு போகக் கூடாது என்றுதான் அந்த விலைக்கு விட்டிருக்கிறார். மதியம் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார். கடைக்காரனுக்குக் கடைக்காரன் அதைச் செய்யலாமா என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம், முதல் முறை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அங்கே பல கடைகளில் மூன்று உருப்படி எடுத்தாலே மொத்த விலை. ஒரே மாடல் வேண்டியதில்லை, ஒரே கடையில் கலந்து எடுக்கலாம், எதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டுப் பார்க்க விட மாட்டார்கள். ஃப்ரீ சைஸ் என்பதை நம்பாதீர்கள், அது அவர்கள் ஊர் உடம்புக்கு. டேப் எடுத்துப் போங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். இன்னும் மலிவு வேண்டுமென்றால் சேன்சேப் கால்வாய்ப் படகு பிடித்து போபே சந்தைக்குப் போங்கள், படகுத்துறையில் இறங்கினால் அதுதான். படகில் ஓரத்தில் உட்காராதீர்கள், தண்ணீர் தெறிக்கும். சாப்பாட்டுக்கு மேல்மாடி ஃபுட் கோர்ட். கவுன்டரில் காசு கட்டி அட்டை வாங்க வேண்டும், மிச்சத்தை அன்றே திருப்பி வாங்கிவிடுங்கள். பெரிய கடைகளில் 7 சதவீத வரியை விமான நிலையத்தில் திருப்பித் தருவார்கள், சின்னக் கடைகளில் அந்தச் சீட்டே கிடைக்காது. விற்பதற்கான சரக்கைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்து, சுங்கத்தில் சொந்த உபயோகம் என்று சொல்லாதீர்கள். பிராதுநாம் சந்துகளில் கார்கோ ஆட்கள் வரிசையாக இருக்கிறார்கள், கிலோ கணக்கில் பேசலாம். எடை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

பழைய நகரம்

திருப்பூர் தம்பி, கேட்டது ஒரு சம்பவம். நீங்கள் பாடம் நடத்திவிட்டீர்கள்.

ராச்சதேவிக்காரருக்கு: நீங்கள் எல்லோரும் சயாம், ராச்சபிரசோங் என்று ஒரே கிலோமீட்டரில் நின்று பேசுகிறீர்கள். இந்த ஊர்க் கடைகளின் கதை வாங் புராபாவில் ஆரம்பிக்கிறது. சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்த குடும்பம் 1956இல் அங்கே திறந்ததுதான் முதல் சென்ட்ரல் டிபார்ட்மென்ட் ஸ்டோர். ராச்சபிரசோங்கில் 1964இல் ஜப்பான்காரர்களின் டைமாரு வந்தபோது, வாங்குவதற்கு இல்லாமல் எஸ்கலேட்டரில் ஏறிப் பார்க்கவே கூட்டம் போனது. 1973இல் சயாம் சென்டர், 1985இல் எம்பிகே. பிறகு பணம் புரண்ட காலத்தில் புறநகர்ப் பக்கம் பாய்ந்தார்கள். சீகான் ஸ்குவேர், ஃபேஷன் ஐலண்ட், ரங்சித் ஃப்யூச்சர் பார்க் எல்லாம் 1994, 95இல் அடுத்தடுத்து வந்தவை. 1997 ஜூலையில் தாய்லாந்து நாணயமான பாத்தின் மதிப்பு விழுந்தது, ஆட்டம் நின்றது. நின்றது என்று நினைத்தோம். ஜப்பான்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். இசேதான் 2020இல் மூடியது, எம்பிகேயிலிருந்த டோக்கியூ 2021 தொடக்கத்தில்.

என் காட்சி பாங்லம்பூவில், நியூ வேர்ல்டு மால். மீன் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நாலு மாடிக்கு அனுமதி வாங்கிப் பதினொரு மாடி கட்டினார்கள், வழக்கு நடந்து 1997இல் மூடினார்கள். மேல்மாடிகளை இடித்த பிறகு கூரை இல்லாமல் நின்றது. மழைத் தண்ணீர் தரைத்தளத்தில் தேங்கிக் கொசு பெருகியதால் அக்கம்பக்கத்தார் மீன் விட்டார்கள். உள்ளே போவது சட்டப்படி கூடாது. பக்கத்தில் கடை போட்டிருந்த அம்மா ஒருவர் தகரத்தை விலக்கிக் காட்டினார், நான் எட்டித்தான் பார்த்தேன். நின்றுபோன எஸ்கலேட்டரின் கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. மீன்கள் படிக்குப் படி ஏறி இறங்கி நீந்துகின்றன. அந்தம்மா ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, திருமணச் சட்டையை இரண்டாவது மாடியில்தான் எடுத்தோம் என்றார். 2015இல் மாநகராட்சி மீன்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

புதிது புதிதாகத் திறக்கிறார்களே என்று குதிக்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியையும் ஏசியையும் கழித்துவிட்டால் இவற்றில் ஒன்றுமே இல்லை.

சீலோம் அக்கா

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை. ஆனால் ஒன்றுமே இல்லை என்பதை ஏற்க முடியாது.

ராச்சபிரசோங் சந்திப்பில் இருக்கும் கேசோர்ன் மாலின் நான்காவது மாடியில் லட்சுமி சன்னதி இருப்பது தெரியும் அல்லவா? நான் மாரியம்மன் கோயில் தெருவில் குடியிருந்தும் பல காலம் அங்கே போனதில்லை. கைப்பை ஒன்று என் ஒரு வருட வாடகை விலையில் இருக்கும் இடம் அது, உள்ளே நுழையவே கூச்சம். ஒரு நாள் காவலாளியிடம் தயங்கிக் கேட்டேன். அவர் என் செருப்பைக்கூடப் பார்க்காமல் லிஃப்ட்டைக் காட்டினார். மேலே திறந்தவெளி. கறுப்புச் சீருடை போட்ட கடைப்பெண் ஒருத்தி சாப்பாட்டு இடைவேளையில் வந்திருக்கிறாள். கரும்புச் சாறு ஒரு பாட்டில், இளஞ்சிவப்புத் தாமரை, கொஞ்சம் சில்லறை. முட்டி போட்டுக் கண்ணை மூடி என்னவோ நீளமாக முணுமுணுத்தாள். கைபேசியில் அலாரம் அடித்தது. வாய் பாதி வேண்டுதலில் நின்றது. எழுந்து, தாயாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓட்டமாக ஓடினாள். மிச்ச வேண்டுதல் என்ன ஆயிற்றோ என்று எனக்கு அன்று முழுவதும் அதே நினைப்பு.

அந்தச் சந்திப்பைச் சுற்றிப் பாருங்கள். 1956இல் ஓட்டல் கட்டும்போது விபத்தாக நடந்ததால் வைத்த எராவன் பிரம்மா. இன்டர்கான்டினென்டல் ஓட்டல் வாசலில் கருடன்மேல் நாராயணன், அமரின் பிளாசா (இப்போது கேசோர்ன் அமரின்) முன்னால் இந்திரன், பிக் சி முன்னால் உமாதேவி. சென்ட்ரல் வேர்ல்டு வாசலில் திரிமூர்த்தி, பக்கத்தில் பிள்ளையார். வியாழன் இரவு 9.30க்குத் திரிமூர்த்தி முன்னால் சிவப்பு ரோஜாவோடு காதல் கைகூட வரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஐந்து முகத்தைப் பார்த்தால் நமக்குச் சதாசிவம் என்று தெரியும். அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

பட்டர்வொர்த் பையன்

பாங்காக் மட்டும்தான் தாய்லாந்தா? தெற்கே ஹாட்யாய்க்கு வாருங்கள். 2013 கடைசியில் சென்ட்ரல் ஃபெஸ்டிவல் திறந்த பிறகு கார் நிறுத்தத்தில் பாதி எங்கள் மலேசியா நம்பர் பிளேட். அப்பா மட்டும் உள்ளே வரவே மாட்டார். கிம் யோங் சந்தையில் முந்திரி, மிட்டாய் வாங்கிக்கொண்டு வெளியே வெயிலில் நிற்பார். "இது நம்ம ஊர்லயும் இருக்கு, இதுக்கா சடாவ் எல்லை தாண்டி வந்தோம்?" அவ்வளவுதான், எனக்கு நீளமாக எழுத வராது.

புரோம்போங் அம்மா

ஏசியைக் கழித்துவிட்டால் ஒன்றுமில்லை என்று பழைய நகரம் ஐயா எழுதியிருக்கிறார். ஏப்ரல் மாதம் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு மதியத்தைக் கழித்துவிட்டு அந்த வரியை எழுதட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை புகைத் தூசி, மே மாதத்திலிருந்து மழை. நடைபாதையில் தள்ளுவண்டி போகாது. என் பிள்ளைகள் நடை பழகியதே மால் தரையில்தான். அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

என் காட்சி 2025 மார்ச் 28, மியான்மர் நிலநடுக்க நாள். மதியம் ஒன்றரை மணி இருக்கும். நான் ஒரு மாலின் மேல்தளத்தில் இருந்தேன். முதலில் எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். கூரையில் தொங்கிய விளக்குகள் ஊஞ்சலாடியதைப் பார்த்த பிறகுதான் ஓடினோம். பணியாளர்கள் கத்தாமல் எல்லோரையும் படி வழியாக இறக்கினார்கள், அதைச் சொல்ல வேண்டும். பெஞ்சசிரி பூங்கா முழுக்க ஜனம். ஒரு பெண் தலை முழுக்க அலுமினியத் தாளும் சாயமுமாக, கழுத்தில் கறுப்புத் துணியோடு நிற்கிறாள். சலூன் பெண்ணும் கையுறையைக் கழற்றாமல் கூடவே இறங்கி வந்திருக்கிறாள். நேரம் தாண்டினால் முடி போய்விடும் என்று, குடிக்கிற தண்ணீர் பாட்டில்களைக் கேட்டு வாங்கி, புல்வெளியில் அவளைக் குனியவைத்து அலசினாள். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பாட்டில் நீட்டினோம். அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் ஒரு தாளைக்கூட அவசரமாகப் பிய்க்கவில்லை. கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதே நேரத்தில் சதுச்சக் பக்கம் கட்டிக்கொண்டிருந்த அரசுக் கட்டடம் இடிந்து எத்தனை பேர் போனார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. வான்ரயில் நின்றுவிட்டது, பிள்ளைகள் பள்ளி வரை நடந்தேன்.

பழைய நகரம்

அம்மா, நான் எழுதியது கட்டடங்களைப் பற்றி, உள்ளே வேலை செய்கிறவர்களைப் பற்றி அல்ல. உங்கள் சலூன் பெண்ணும், சீலோம் அக்கா பார்த்த பெண்ணும், ராச்சதேவிக்காரரின் செருப்புப் பெண்ணும் மால் இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். வெயிலைப் பற்றிச் சொன்னது சரி, அதற்குப் பதில் இல்லை.

லும்பினி ஓரம்

மால் நல்லதா கெட்டதா என்பதை விடுங்கள். இடம் யாருடையது என்று பாருங்கள். எம்பிகே இருப்பது சுலாலங்கோர்ன் பல்கலைக்கழக நிலத்தில். லாட்பிராவ் சென்ட்ரல் ரயில்வே நிலத்தில். ராமா 4 சாலையில் 2024 அக்டோபரில் திறந்த ஒன் பாங்காக் அரண்மனைச் சொத்து நிலத்தில். எல்லாம் குத்தகை. குத்தகை முடிந்தால் அடுத்தவன் வருவான், பெரியவன் வருவான். இந்த ஊரில் மால் பெருகும் வழி பாதி இதுதான்.

ஒன் பாங்காக் இருக்கும் இடத்தில்தான் சுவான் லும் இரவுச் சந்தை இருந்தது. 2011 வரை ஓடியது. பக்கத்திலேயே லும்பினி குத்துச்சண்டை அரங்கம். சந்தைக்குள் ஜோ லூயிஸ் பொம்மலாட்ட அரங்கு. ஒரு பொம்மைக்கு மூன்று பேர், ஆட்டுகிறவர்களும் கூடவே ஆடுவார்கள். ஆட்டம் முடிந்து அனுமான் பொம்மை வாசலுக்கு வந்து என் மகள் கன்னத்தைத் தடவியது. அவள் பொம்மையைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த ஆளின் காலையே பார்த்தாள். பொம்மையின் கால் எப்படிப் போகிறதோ அப்படியே அவர் காலும். வீட்டுக்கு வந்து அதையே ஆடிக் காட்டினாள். அந்த அரங்கு பிறகு ஆற்றோரம் ஏசியாடிக்குக்குப் போனது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகவில்லை, அதற்குள் அவளுக்கு அதில் ஆர்வம் போய்விட்டது.

திருப்பூர் கொள்முதல்

சீலோம் அக்கா, அந்த லட்சுமி சன்னதி காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும்? அடுத்த முறை கும்பிட்டுவிட்டு அப்படியே ஸ்கைவாக்கில் பிராதுநாம் நடந்துவிடலாம் என்று பார்க்கிறேன். ராச்சபிரசோங்கிலிருந்து தூரம் அதிகமில்லை. நடக்கிறவர்கள் ஒரு குடை வைத்துக்கொள்ளுங்கள்.

சீலோம் அக்கா

மால் திறந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் போங்கள் தம்பி. தாமரையை வெளியிலேயே வாங்கிக்கொண்டு போங்கள், உள்ளே எதுவும் நம் விலையில் கிடைக்காது.