மாடித்தோட்டப் பைகளைத் தோண்டும் பூனை, சோபாவைப் பிராண்டும் பூனை: வீட்டில் தயாரிக்கிற மருந்து எது?

மொட்டைமாடி_மதுரை கேட்டது:

வணக்கம். மொட்டைமாடியில் 12 அங்குல விட்டமுள்ள குரோபேக் (செடி வளர்க்கிற பை) முப்பது இருக்கிறது. செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. கீரை விதைத்த பைகளைத்தான் தெருப்பூனை தேடிப் பிடித்துத் தோண்டி அசிங்கம் செய்கிறது. மிளகாய்த்தூள், ஆரஞ்சுத் தோல், வினிகர், பாச்சை உருண்டை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை, எந்த அளவில் போடுவது? வீட்டுக்குள் வளர்க்கிற பூனை ஒன்றும் உண்டு, அது சோபா கைப்பிடியைப் பிராண்டுகிறது. இரண்டுக்கும் ஒரே ஸ்ப்ரே போதுமா?

கீரைப்பாத்தி:

போதாது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை. சோபாவை மற்றவர்கள் சொல்லட்டும், பைக்கு வருகிறேன்.

காய்ந்த, பொலபொலவென்ற மண்தான் பூனை கழிக்கத் தேடும் இடம். நார்க்கழிவு கலவை அதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. விதைத்த பையில் மேல்மண்ணைக் கிளறிச் சமப்படுத்தி வேறு வைத்திருப்பீர்கள். முப்பது மணல்தொட்டி வரிசையாக அடுக்கி வைத்தது போலத்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். ஆகவே வாசனையை நம்புவதைவிடக் கால் வைக்க முடியாமல் செய்யுங்கள்.

முக்கால் அங்குலக் கண்ணுள்ள பிளாஸ்டிக் கோழி வலையை வட்டமாக வெட்டி, விதைத்த மண்மேல் படிய விரித்து, 4 அங்குலக் கட்டுக்கம்பித் துண்டுகளை ‘ப’ போல வளைத்துப் பைக்கு நாலு குத்துங்கள். சிறுகீரை, அரைக்கீரை கண் வழியே தானாக மேலே வந்துவிடும், நுனியைக் கிள்ளி எடுக்கலாம். தண்டுக்கீரைக்கு இது சரிப்படாது. வேரோடு பிடுங்கும்போது வலையும் சேர்ந்து வரும். அதற்கு மூங்கில் குச்சி: 6 அங்குல நீளம், பாதி மண்ணுக்குள், குச்சிக்குக் குச்சி 2 அங்குலம். 12 அங்குலப் பைக்கு 28 முதல் 30 குச்சி பிடிக்கும். இடைவெளி 4 அங்குலமானால் நடுவில் உட்கார்ந்துவிடும், செய்த வேலை வீண். மேல்முனையைக் கூர் சீவாதீர்கள், குனிகிற உங்கள் கண்ணுக்கே ஆபத்து. துடைப்பத்து ஈர்க்குச்சி வளைந்து கொடுத்துவிடும், வேண்டாம்.

கத்தரி, தக்காளி மாதிரி ஒற்றைத் தண்டுச் செடியென்றால் கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்துத் தண்டைச் சுற்றி அடுக்கினாலே போதும். ஈரமும் காக்கும்.

வெள்ளிக்கிழமைச்சந்தை:

இவ்வளவு எதற்கு? ஒரு கைப்பிடி மிளகாய்த்தூள் தூவினால் அந்தப் பக்கமே வராது.

வாலாட்டி:

தயவுசெய்து தூவாதீர்கள். மிதித்த பாதத்தை நக்கும், அதே பாதத்தால் முகம் துடைக்கும். கண்ணில் பட்டால் புண்ணாகும். மாடிக்காற்றில் பாதி உங்கள் முகத்துக்கே திரும்பும். மீதி அடுத்த தண்ணீரோடு கரைந்துவிடும். அப்படியானால் யாருக்குத்தான் லாபம்?

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பாச்சை உருண்டை: கூடவே கூடாது. அதிலுள்ள நாப்தலீன் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், ஈரலையும் கெடுக்கும். சாப்பிடுகிற கீரை மண்ணில் அதைப் போடுவது நமக்கும் நல்லதில்லை.

நீலகிரித் தைலம், டீ ட்ரீ எண்ணெய், கடையில் விற்கும் எலுமிச்சை எண்ணெய்: ‘இயற்கை’ என்று எழுதியிருந்தாலும் பூனைக்கு விஷம். இவற்றை மாற்றி வெளியேற்றுகிற ஒரு நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஃபீனால் கலந்த கருப்பு ஃபினாயிலும் இதே காரணத்தால்தான் ஆகாது.

காப்பித்தூள் சக்கை: தின்றால் கஃபீன் தாக்கும். காய்ந்தால் வாசனையும் இல்லை.

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்: பரவாயில்லை. விரல் நீளத் துண்டுகளாகப் பைக்கு ஒரு கைப்பிடி. ஆனால் இரண்டாம் மூன்றாம் நாள் காய்ந்து மணம் போய்விடும், ஈர மண்ணில் பூஞ்சணம் பூக்கும். தினமும் புதுத்தோல் கிடைக்கிற வீட்டுக்கே சரி.

வெள்ளை வினிகர்: ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர். பூனை ஏறி வருகிற கைப்பிடிச் சுவர், குழாய் ஓரம், குதிக்கிற இடம் இங்கெல்லாம் துணியால் துடையுங்கள். மண்ணிலோ இலையிலோ அடித்தால் இலை கருகும். கடப்பாக்கல்லும் பளிங்கும் சுண்ணாம்புக்கல் இனம், வினிகர் பட்டால் பளபளப்பு போய்த் திட்டுத்திட்டாகத் தெரியும். மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து.

களைக்கொத்தி:

விரட்டுவதற்கு முன்னால், நீங்களே அழைக்கிறீர்களா என்று பாருங்கள். பைகளில் குப்பைமேனி முளைத்திருக்கிறதா? அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. வேர் முறிந்தால் அந்த மணத்துக்குப் பூனை வந்து புரளும். களை எடுக்கும்போது வேரோடு பிடுங்கி அங்கேயே போட்டுவிடாமல் மூடிய கூடையில் கொண்டுபோய் அப்புறப்படுத்துங்கள். பூனை வருகிறதென்று எல்லாச் செடிக்கும் மருந்தடித்துவிட்டு இதை மட்டும் விட்டுவைப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது மீன் அமிலமும் (மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்த உரக் கரைசல்) எலும்புத்தூளும். கீரைக்கு நல்ல ஊட்டம், பூனைக்கோ விருந்து அழைப்பு. ஊற்றியே ஆகவேண்டுமென்றால் ஊற்றியதும் ஒரு அங்குலம் மண் மூடுங்கள். பூனைத் தொல்லை ஓயும்வரை கடலைப் புண்ணாக்குக் கரைசலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மொட்டைமாடி_மதுரை:

குப்பைமேனி நாலைந்து பையில் இருக்கிறது! இன்றே பிடுங்குகிறேன். ஏற்கெனவே அசிங்கம் செய்த மண்ணை என்ன செய்ய? சோபாவுக்கு யாராவது சொல்லுங்கள்.

வாலாட்டி:

கையுறை போட்டுக் கழிவோடு சுற்றிலும் 3 அங்குலம் மண்ணை அள்ளிக் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். அன்றன்றே எடுப்பது முக்கியம். பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணியின் முட்டை இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடவே கூடாது. அந்தப் பையில் பச்சையாகத் தின்கிற கொத்தமல்லி, புதினா போடாதீர்கள்.

மரவேலை:

சோபாவுக்கு ஸ்ப்ரே அடித்தால் பூனை அடுத்த கைப்பிடிக்குப் போகும், அவ்வளவுதான். பிராண்டுவது அதற்குக் குறும்பில்லை. நகத்தின் பழைய உறையைக் கழற்றுகிறது, உடம்பை நீட்டி முறிக்கிறது, பாதத்துச் சுரப்பியால் தன் வாசனையைப் பதிக்கிறது. பதிலுக்கு ஒரு தூண் கொடுக்க வேண்டும்.

110 மி.மீ. பிவிசி குழாய் 3 அடி. பின்னங்காலில் நின்று முழுதாக நீட்ட இந்த உயரம் வேண்டும், குறைந்தால் சோபாவுக்கே திரும்பும். அடியில் மூடி போட்டு 16 அங்குலச் சதுரப் பலகையில் திருகாணியால் முடுக்கி, குழாய்க்குள் ஒரு அடிக்கு மணல் நிரப்புங்கள். சுமார் 4 கிலோ வரும். முக்கியமான விஷயம், தூண் ஒருமுறை ஆடினாலும் பூனை அதை விட்டுவிடும். 8 மி.மீ. கத்தாழை நார்க் கயிறு கிட்டத்தட்ட 42 மீட்டர் பிடிக்கும், 45 வாங்குங்கள். இரண்டு முனையிலும் பசையோடு துளை போட்டு முடிச்சும் போடுங்கள். வெறும் பசையை நம்பினால் ஒரு மாதத்தில் கயிறு அவிழ்ந்து தொங்கும்.

தூணை மூலையில் ஒளிக்காமல், பிராண்டுகிற கைப்பிடியை ஒட்டியே வையுங்கள். கைப்பிடியில் இருபுறமும் ஒட்டுகிற டேப்பை 2 அங்குல இடைவெளியில் செங்குத்தாக ஒட்டுங்கள், பாதம் பிசுபிசுப்பது பூனைக்குப் பிடிக்காது. ரெக்சின், தோல் உறையில் நேரடியாக ஒட்டினால் மேல்பூச்சு உரிந்து வரும். அதற்கு ஒரு பழைய பெட்ஷீட்டைச் சுற்றி அதன்மேல் ஒட்டுங்கள். தூணில் பிராண்டப் பழகியபின் டேப்பை எடுத்துவிட்டு, தூணை நாளுக்கு ஒரு சாண் வீதம் வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். ஒரேயடியாகத் தூக்கி வைத்தால் பழையபடி சோபாதான்.