மறுமொழி: அகோனல் பிரீத்திங் – ‘மரணமூச்சு’ வேண்டாம், ‘பொய்மூச்சு’ என்போம்

வணக்கம்.

முதலுதவிக் கையேட்டுச் சொற்களைப் பற்றி மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். மற்றவற்றில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. நினைவில்லாமல் மூச்சு மட்டும் சீராக இருப்பவரைப் பக்கவாட்டில் படுக்க வைக்கும் ரெக்கவரி பொசிஷனுக்கு ‘மீட்புநிலை’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். தென்காசி அக்கா சொன்ன ‘ஒருக்களிப்பு’ போதும். ஒருக்களித்துப் படு என்றால் நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். அது முடிந்தது. நான் எழுத வந்தது அகோனல் பிரீத்திங் பற்றி, அதாவது இதயம் நின்றுபோனவர் விட்டுவிட்டு வாயைப் பிளந்து காற்றை இழுப்பது பற்றி.

> ‘மரணமூச்சு’ அல்லது ‘இறுதிச் சுவாசம்’ பொருந்தும். மூலச் சொல்லின் பொருளுக்கும் நெருக்கம்.

அண்ணாச்சி, மூலச் சொல்லுக்கு நெருக்கம்தான், மறுக்கவில்லை. போராட்டம், வேதனை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழியாக வந்தது அது. ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர் மருத்துவ மாணவர் இல்லை. டீக்கடையில் நிற்கிறவர், மினிபஸ் ஓட்டுகிறவர், பீடி சுற்றும் அக்காமார். கண் முன்னால் ஒருவர் விழுந்து கிடக்கும்போது அவர்கள் நினைவுக்கு இந்தச் சொல் வர வேண்டும், வந்ததும் கை எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

என் பெரியப்பா கல்லிடைக்குறிச்சியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்து விழுந்தார். கூப்பிட்டால் பேச்சில்லை. ஆனால் வாய் திறக்கிறது, தாடை கீழே இறங்குகிறது, குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு காற்றை இழுக்கிறார், அப்புறம் ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி ஒரு இழுப்பு. கரையில் எடுத்துப் போட்ட கெண்டை வாயைப் பிளக்குமே, அதேதான். பக்கத்து வீட்டு மாமா நெஞ்சைப் பார்த்துவிட்டு, “மூச்சு இருக்குல்லா, பதறாதீங்க” என்றார். நாங்களும் பதறவில்லை. விசிறினோம், முகத்தில் தண்ணீர் தெளித்தோம், காருக்கு ஆள் அனுப்பினோம். “மேமூச்சு வாங்குது, வாய்ல ரெண்டு சொட்டு விடுங்க” என்று ஒரு ஆச்சி சொல்ல, அதையும் செய்தோம். அவர் விழுந்த அந்த நிமிடமே இதயம் நின்றிருக்கும் என்றும், அந்த இழுப்பு மூச்சே இல்லை என்றும் பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அத்தனை பேர் நின்றோம், ஒருவர்கூட நெஞ்சை அழுத்தவில்லை. மாமா சொன்ன அந்த ஒரு சொல்தான் எங்கள் கையைக் கட்டிப்போட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் வேறு சொல் தெரியாது.

நடப்பது இதுதான். இதயம் திடீரென்று நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது. ஆனாலும் மூளைத்தண்டில் மிச்சமிருக்கும் உயிர்ப்பு கொஞ்ச நேரம், சில நேரம் சில நிமிடங்கள்வரைகூட, இப்படி இழுக்க வைக்கும். அதில் உடம்புக்குப் போதிய காற்று போகாது. நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். அந்த நான்கைந்து நிமிடத்தைத்தான் நாங்கள் விசிறியில் செலவழித்தோம்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

‘மரணமூச்சு’ என்றால் கேட்கிறவர் கையை விட்டுவிடுவார். நம் வீடுகளில் கடைசி மூச்சு என்று சொன்னதுமே சொந்தக்காரர்களுக்குப் போன் போகும், வாயில் பால் ஊற்றுவார்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், எதையுமே ஊற்றக்கூடாது. பிழைக்க வாய்ப்பிருக்கிற ஆளுக்கு நாமே மரணம் என்று பெயர் வைக்க வேண்டுமா? ‘ஊர்த்துவ சுவாசம்’ அகராதியிலேயே இருக்கிறது, ஆனால் அதிலும் அதே சாவு மணம்தான். ‘மேல்மூச்சு’ என்றால் மாடி ஏறி வந்தவருக்கும் வாங்கும். ‘இழுப்பு’ இன்னும் ஆபத்து. வீசிங்குக்கும் இழுப்பு என்கிறோம், வலிப்புக்கும் கை கால் இழுக்குது என்கிறோம். இதயம் நின்ற உடனே சிலருக்குக் கை கால் சற்று வெட்டி இழுக்கவும் செய்யும், அப்போது இந்தச் சொல்லைக் கேட்டால் சாவிக்கொத்தைத் தேடி கையில் திணிப்பார்கள்.

அதனால்தான் ‘பொய்மூச்சு’ என்கிறேன். மூச்சு மாதிரி தெரிகிறது, மூச்சு இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவது பொய்வலியா நிஜவலியா என்று எல்லா வீட்டிலும் பேசுகிறார்கள், அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதுவும் அப்படிப் புழங்கும்.

நர்ஸ் அக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டிருந்தார்கள்: பொய் என்றால் அந்த ஆள் நடிக்கிறார் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? யோசித்துப் பார்த்தேன். மேகம் கூடி, இருட்டிக்கொண்டு, காற்றும் அடித்து, சொட்டு விழாமல் போனால் மழை பொய்த்துவிட்டது என்கிறோம். மழை நம்மிடம் நடித்தது என்று அதற்குப் பொருள் இல்லை, செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்று பொருள். கார், பிசானம் என்று இரண்டு நெல் போகமும் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் ‘பொய்’ நன்றாகவே தெரியும். வந்தும் பயன்படாத மழை மாதிரி, வந்தும் பயன்படாத மூச்சு. ‘பொய்த்த மூச்சு’ என்பதுதான் இலக்கணமாக இருக்கலாம், பதற்றத்தில் சொல்ல ‘பொய்மூச்சு’ வசதி.

கையேட்டில் இந்தப் பத்தியை இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்:

“தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? ஒருவரை 108-க்குப் பேசச் சொல்லுங்கள். நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், பத்து விநாடிக்கு மேல் பார்க்க வேண்டாம். விட்டுவிட்டு வாயைப் பிளந்து இழுத்தால் அது பொய்மூச்சு. மூச்சு இல்லை என்றே கொள்ளுங்கள். உடனே நடு நெஞ்சில் இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, 5 செ.மீ. இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் வரும்வரை நிறுத்த வேண்டாம்.”

இது பெரியவர்களுக்கான அளவு. பாபநாசத்திலோ ஆற்றுத் துறையிலோ தண்ணீரில் முங்கிப்போய் வெளியே தூக்கிப் போட்ட ஆள் என்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும் வேண்டும், அதற்குத் தனிப் பத்தி எழுதுகிறேன். மூச்சு சீராக இருந்து நினைவு மட்டும் இல்லையென்றால் ஒருக்களிப்பு. ஆனால் பொய்மூச்சு ஓடும் ஆளை ஒருக்களித்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கக்கூடாது, இந்த வரியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து நண்பர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த மூச்சை நடித்துக் காட்டி, இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். சாவைச் சொல்லாத ஒரு பேச்சுச் சொல் கிடைத்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதைப் போட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.