அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் ஏற்றச் சூரிய சக்தி பம்பு ஏற்றதா?

கேள்வி
எங்கள் ஆறு மாடிக் குடியிருப்பில் நாளொன்றுக்குச் சுமார் 15,000 லிட்டர் தண்ணீரை நிலத்தடித் தொட்டியிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். உயரம் ஏறக்குறைய 25 மீட்டர். இப்போதுள்ள 3 குதிரைத்திறன் மும்முனை மோட்டாரையே சோலார் பேனலில் ஓட்டலாமா, அல்லது புதிய பம்பு வாங்க வேண்டுமா? பேட்டரி கட்டாயம் என்று விற்பனையாளர் ஒருவர் கூறுகிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1
பேட்டரி தேவையில்லை, பகலில் ஏற்றி வைத்த தண்ணீர்தான் உங்கள் சேமிப்பு. நீங்கள் சொல்லும் அளவை அந்த உயரத்துக்கு ஏற்ற, இழப்பே இல்லாவிட்டால் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் போதும். குழாய் உராய்வு, பம்பு, மோட்டார் ஆகியவற்றின் இழப்புகளைச் சேர்த்தால் மூன்று யூனிட் ஆகலாம். நல்ல வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளில் நான்கு யூனிட் வரை தரும். ஆனால் பழைய மோட்டாரை முழு வேகத்தில் ஓட்ட மூன்று கிலோவாட்டுக்கும் கூடுதலான பேனல் வேண்டியிருக்கும் என்பதால், சிறிது நேர வேலைக்காக அவ்வளவு செலவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு குதிரைத்திறன் அளவிலான சோலார் பம்பு பகல் முழுவதும் நிதானமாக ஏற்றினாலே தொட்டி நிரம்பிவிடும்.

பதில் 2
மேற்கண்ட கணக்கை ஏற்கிறேன். எனினும் பம்பின் வகையையும் பார்க்க வேண்டும். மையவிலக்குப் பம்பில் வேகம் 80 சதவீதமாகக் குறைந்தால் நீர் ஏறும் உயரம் 64 சதவீதமாகிவிடும். முழு வேகத்தில் அதிகபட்சம் 35 மீட்டர் வரை தள்ளும் பம்பு, மேகம் மறைக்கும்போது 22 மீட்டரோடு நின்றுவிடும்; மோட்டார் சுழலும், மேலே ஒரு சொட்டும் விழாது, பம்புக்குள் நிற்கும் நீர் சூடேறும். ஆகவே போதிய உபரி உயரத்திறன் உள்ள பம்பையோ, குறைந்த வேகத்திலும் நீரை மேலேற்றும் திருகு வகைப் பம்பையோ கேட்டு வாங்குங்கள்.

பதில் 3
தடையற்ற மின் இணைப்பு இருக்குமானால் தனிச் சோலார் பம்பே எதற்கு என்பது என் கேள்வி. தொட்டி நிரம்பியபின் அந்தப் பேனலின் மின்சாரம் வீணாகும். அதே பேனலைக் கட்டடத்தின் பொது இணைப்போடு சேர்த்தால், மிச்சம் மாடிப்படி விளக்குக்கும் மின்தூக்கிக்கும் உதவும். மின்வெட்டு மிகுந்த இடமென்றால் மட்டும் முதல் பதிலின் வழி சிறந்தது.

கேள்வி கேட்டவர்
இங்கே மின்வெட்டு அதிகம்தான். பேனலை மேல்தொட்டிக்குப் பக்கத்திலேயே அமைக்கலாமா?

பதில் 1
தொட்டியின் நிழல் விழாத இடமாகப் பாருங்கள். பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் ஓரத்தில் விழும் நிழல்கூட மொத்த உற்பத்தியைக் குறைக்கும். மேல்தொட்டி நிரம்பினாலும் கீழ்த்தொட்டி வற்றினாலும் பம்பு தானே நிற்கும்படி இரண்டிலும் மிதவை சுவிட்ச் பொருத்திவிடுங்கள்.