புதுப்பிப்பு: வீட்டுச் சாப்பாட்டிலேயே எடை குறையுமா?

தனியா டயட் இல்லாம வீட்டுச் சாப்பாட்டிலேயே எடையைக் குறைக்க முடியுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். எண்ணெயைக் கவனிங்கன்னு பலர் சொன்னீங்க. அதுதான் வேலை செஞ்சுது. 1 கிராம் எண்ணெயில 9 கலோரி, மாவுச்சத்துல 4தான். இப்போ தோசைக்கு எண்ணெயைச் சுத்தி ஊத்தறதில்லை. பாதி வெங்காயத்தை எண்ணெயில தொட்டு கல்லுல தேய்க்கிறோம். முறுகல் அப்படியே இருக்கு! மத்தபடி தட்டுல காய் கூடுதல், சோறு ஒரு கரண்டி கம்மி. டீயில சர்க்கரையை மட்டும் அம்மா குறைக்க விடமாட்டேங்கறாங்க. எடை மெதுவாத்தான் இறங்குது, ஆனா பேன்ட் இடுப்புல தளர்ந்திருக்கு. கல்யாணப் பந்தியில பாயசத்தை வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்லை, அதைக் கேக்காதீங்க. சாயங்கால மிக்சருக்கு மாத்தா சுண்டல் தவிர வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க.