பாலத்தை வெடிக்க வைக்கலாமா?

குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைகள் (பினாங்கு)

வெள்ளிக்கிழமை

தம்பி, இரவு 8:41
எல்லோருக்கும் வணக்கம். கொள்ளுத்தாத்தா போர்க்காலத்தில் ஜப்பான்காரர்களின் ரயில் பாதை வேலைக்குச் சயாம் (தாய்லாந்து) போன கதையைக் குறும்படமாக எடுக்கப் போகிறேன் என்றேன் அல்லவா? திரைக்கதை முடிந்துவிட்டது. இருபது நிமிடம். கடைசிக் காட்சியில் தாத்தா பாலத்துக்கு வெடி வைக்கிறார், ரயிலோடு சேர்ந்து பாலம் ஆற்றில் விழுகிறது. படித்துவிட்டு மறைக்காமல் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அத்தை, 8:58
படித்தேன் ஐயா. கண் கலங்கிவிட்டது. பாட்டு வரும் இடம் ரொம்பப் பிடித்தது.

சுங்கை பட்டாணி பெரியப்பா, 9:10
நன்றாக எழுதியிருக்கிறாய் தம்பி. ஆனால் தாத்தா பாலத்தை வெடிக்க வைக்கவில்லை. அங்கே வேலை செய்த யாரும் வைக்கவில்லை. 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தில்தான் அது வெடித்தது. அதையும் இலங்கையில் எடுத்தார்கள். உண்மையான இரும்புப் பாலத்தை 1945-இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்தன. பிறகு பழுது பார்த்தார்கள். இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. நானே நடந்திருக்கிறேன்.

பெரியப்பா, 9:14
இன்னொன்று. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் குவாய் ஆற்றைத் தேடினார்கள். பாலம் நிற்பதோ மே குளோங் ஆற்றின்மேல். கடைசியில் 1960 வாக்கில் தாய்லாந்தில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவே யாய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஒரு படத்துக்கு ஆற்றின் பெயரை மாற்றும் பலம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

தம்பி, 9:22
புரிகிறது பெரியப்பா. ஆனால் என்னோடு படிப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். சயாம் ரயில் என்றதும் பார்ப்பவர் மனதில் பாலமும் வெள்ளைக்காரக் கைதியும்தான் வருகிறார்கள். அது இரண்டும் இல்லாவிட்டால் வெளிநாட்டு விழாவில் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்களாம். அதனால்தான் தாத்தாவுக்கு நண்பராக ஒரு வெள்ளைக்கார டாக்டரைச் சேர்த்தேன்.

பெரியப்பா, 9:31
அந்த மனப்படத்தை உண்டாக்கியதே படங்கள்தானே ஐயா. கணக்கைப் பார். பாதை வேலைக்குப் போன போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ 2 லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் ரப்பர் தோட்டத்து ஆட்கள். பாலம் இருக்கும் ஊரான காஞ்சனபுரியின் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கைதிகளுக்குக் கல் இருக்கிறது. பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் செதுக்கி, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். செய்ய வேண்டியதுதான், அவர்களும் பிள்ளைகள்தான். ஆனால் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்து அங்கே போனவனுக்கு ஒரு கல்கூட இல்லை. வெயிலில் நின்று அழுதேன்.

நான், 9:40
தம்பி, அந்த டாக்டரை எடுத்துவிடாதே. அது பொய் இல்லை. 1943 நடுவில் சிங்கப்பூர் சாங்கியிலிருந்து கைதிகளாக இருந்த மருத்துவர்களையும் உதவியாளர்களையும் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பான்காரர்கள் அனுப்பினார்கள். கே படை, எல் படை என்று பெயர். ஒரு வெள்ளைக்கார டாக்டர் நம் ஆட்கள் நடுவில் நிற்பதற்கு நிஜமான காரணம் இருக்கிறது.

நான், 9:43
எனக்கு இடிப்பது வேறு இடம். உன் கதையில் எல்லோரும் துப்பாக்கிக் குண்டில் சாகிறார்கள். ஒருவருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. அங்கே கொன்றது காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காலில் அழுகும் புண். 1943 மழைக்காலத்தில் காலரா வந்து முகாம் முகாமாக அள்ளிக்கொண்டு போனது. தினமும் வார்டில் நிற்கிறவள் சொல்கிறேன், தண்ணீரைக் கொதிக்க வைக்க ஒரு பானை இல்லாததால் ஒருவர் சாவது வெடியைவிடப் பயங்கரமான காட்சி. அதை எடு.

அத்தை, 9:52
நீங்கள் எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் ஒன்று யோசியுங்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு உட்காருகிறவர்கள் இருபது நிமிடமும் சாவையே பார்ப்பார்களா? பாதியில் எழுந்து போனால் அந்த உண்மை யாருக்குப் போய்ச் சேரும்? அந்தப் பாட்டாவது இருக்கட்டும் அண்ணே.

பெரியப்பா, 9:57
பாட்டு இருக்கட்டும் தங்கச்சி. சயாமுக்குப் போனவர்களுக்காக அம்மாவே ஒப்பாரி பாடுவார், நீயும் கேட்டிருக்கிறாய். அதையே வைக்கலாம். திரைக்கதையில் வரும் பட்டுச்சேலை மட்டும் வேண்டாம். அந்தக் காலத்தில் துணி கிடைக்காமல் கோணிச் சாக்கை வெட்டிக் கட்டிக்கொண்டார்கள். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு.

தம்பி, 10:05
சேலையை மாற்றிவிடுகிறேன். ஆனால் வெடியை எடுத்துவிட்டால் படம் எதில் முடியும் பெரியப்பா? 415 கிலோமீட்டர் பாதை போட்டு முடித்தார்கள் என்றா? அது ஜப்பான்காரனுக்கு வெற்றி. பார்க்கிறவர்களுக்கு தாத்தா ஒன்றாவது ஜெயிக்க வேண்டும் என்று இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நான், 10:09
அவர் உயிரோடு திரும்பி வந்தாரே.

தம்பி, 10:10
வந்தார் என்று மட்டும்தானே அக்கா நமக்குத் தெரியும்.

அத்தை, 10:16
காலையில் அம்மாவைக் கேட்கிறேன். இப்போது தூங்கிவிட்டார்.

சனிக்கிழமை

அத்தை, காலை 7:48
அம்மா பேசினார். குரல் பதிவு தெளிவாக இல்லை, அதனால் கேட்டபடியே எழுதுகிறேன்.

"அப்பா வந்தபோது எனக்கு எட்டு வயது. தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் குச்சி ஊன்றி நின்றார். பிச்சைக்காரர் என்று நினைத்து அம்மா கிழங்கு எடுக்க உள்ளே போனாள். பேச்சுக் குரல் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் லயத்துப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அவர் வேறு முகாம், நான் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார். எல்லோரும் போன பிறகு விளக்கை அணைத்துவிட்டு, யாரை எங்கே புதைத்தேன் என்று அம்மாவிடம் பெயர் பெயராகச் சொன்னார். நான் தூங்குவது மாதிரி பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு பெயர்."

பெரியப்பா, 7:55
இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அத்தை, 7:57
யாரும் கேட்கவில்லை என்கிறார்.

தம்பி, 8:02
அத்தை, அந்தப் பெயர்கள் பாட்டிக்கு ஞாபகம் இருக்கிறதா?

அத்தை, 8:06
ஏழு சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன். மீதி நாலையும் யோசித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி, 8:11
பாலக் காட்சியை எடுத்துவிட்டேன். மத்தியான ரயிலில் பட்டர்வொர்த் வருகிறேன். அதுவரை பாட்டியிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

பெரியப்பா, 8:13
ஸ்டேஷனுக்கு நான் காரோடு வருகிறேன். வீட்டில் கோணிச் சாக்கு நாலு இருக்கிறது, அதையும் கொண்டு வருகிறேன்.