வெள்ளம் வடிந்த வீடுகளில் சேறு அள்ளப் போகிறோம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபையிலிருந்து 12 பேர் சனிக்கிழமை போகிறோம். பசித்தவனிடம் சமாதானமாய்ப் போ என்று மட்டும் சொல்லி என்ன பயன் என்று பைபிளில் யாக்கோபு (2:15, 16) கேட்டது மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

ரப்பர் பூட்ஸ், கையுறை, முகக்கவசம் தயார். மின்சாரத்தைத் துண்டிக்காமல் உள்ளே போகக்கூடாது என்று தெரியும். எலிக்காய்ச்சல் பயத்தால் காலில் காயம் உள்ளவர்களை நிறுத்திவிட்டோம் (கோபித்துக்கொண்டார்கள்).

தெரியாதது இதுதான். நனைந்த மெத்தையில் 24 முதல் 48 மணி நேரத்திலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், எறியத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் இழந்து நிற்பவரிடம் அதை எப்படிச் சொல்வது? கல்யாண ஆல்பத்தைக் காப்பாற்ற வழி உண்டா?

அப்புறம், துண்டுப்பிரசுரம் கொண்டுபோகலாம் என்கிறார்கள் இரண்டு பேர். எனக்கு மனமில்லை. வீட்டுக்காரர்களே கேட்டால் ஜெபிப்போம், அவ்வளவுதான். நீங்கள் என்ன செய்தீர்கள்?